நிலம், கால்வாய், வாக்குச்சீட்டு: உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்கா – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 1803-ல் லூசியானா என்ற பரந்த நிலப்பரப்பை பிரான்சிடமிருந்து அமெரிக்கா 1.5 கோடி டாலருக்கு வாங்கியது என்கிறார்கள். புதிதாகப் பிறந்த நாட்டின் கையில் அவ்வளவு பணம் ஏது?

பதில்: பணம் இல்லை, கடன்தான். அந்தத் தொகையில் 1 கோடியே 12.5 லட்சம் டாலருக்கு 6 சதவீத வட்டிப் பத்திரங்களைக் கொடுத்தார்கள். மீதி 37.5 லட்சம் அமெரிக்க வணிகர்களுக்கு பிரான்ஸ் தரவேண்டியிருந்த பாக்கி. அதை அமெரிக்க அரசே தீர்ப்பதாக ஏற்றுக்கொண்டது. நெப்போலியனுக்கோ போருக்கு ரொக்கம் வேண்டும். லண்டனின் பேரிங், ஆம்ஸ்டர்டாமின் ஹோப் ஆகிய இரு வங்கி நிறுவனங்களும் பத்திரங்களைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொண்டு அவருக்குப் பணம் கொடுத்தன. பிரிட்டனுடன் போரிட லண்டன் வங்கிக்காரரின் காசு!

"ஏக்கருக்கு 3 சென்ட்தான் விழுந்தது" என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அந்தக் கணக்கை நம்பாதீர்கள். பிரான்ஸ் விற்றது மண்ணை அல்ல. அந்த மண்ணில் வாழ்ந்த பூர்வகுடிகளிடமிருந்து அதை வாங்கும் உரிமை வேறு எந்த ஐரோப்பிய நாட்டுக்கும் இல்லை என்ற கோரிக்கையை. நிலத்துக்கான உடன்படிக்கைகளும் தொகைகளும் போர்களும் அதற்குப் பின் பல பத்தாண்டுகளுக்கு நீண்டன. எல்லை எது என்றுகூட ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லை. மேற்கு எல்லை 1819-ல் ஸ்பெயினோடு செய்த உடன்படிக்கையில்தான் முடிவானது.

கேள்வி: மேற்கே போன ஒரு சாதாரண விவசாயி அரசு நிலத்தை எப்படி வாங்கினார்? போய் வேலி போட்டால் போதுமா?

பதில்: போதாது. சட்டப்படி முதலில் சர்வே, பிறகு ஏலம், அதற்குப் பிறகே குடியேற்றம். நடைமுறையில் இந்த வரிசை பல இடங்களில் தலைகீழாக நடந்தது என்பது வேறு விஷயம்.

1785-ம் ஆண்டுச் சட்டம் நிலத்தை 6 மைலுக்கு 6 மைல் சதுரமான டவுன்ஷிப்களாகப் பிரித்தது. ஒரு டவுன்ஷிப்பில் 36 செக்‌ஷன்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். 16-ம் எண் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கப்பட்டது. அளக்கும் கருவி 66 அடி நீளமுள்ள இரும்புச் சங்கிலி, 100 கண்ணிகள். 80 சங்கிலி ஒரு மைல்; 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். கணக்கு இவ்வளவு வசதியாக வருவதால்தான் அந்தச் சங்கிலி அத்தனை காலம் நிலைத்தது. சங்கிலிக்காரர் இருவர், மரம் வெட்டுபவர், திசைகாட்டியோடு சர்வேயர் என்று ஒரு குழு காட்டுக்குள் நேர்கோட்டில் நடக்கும். 40 சங்கிலிக்கு ஒரு கம்பம், 80-க்கு மூலைக் கம்பம். கம்பம் மக்கிப் போகும் என்பதால் பக்கத்து மரங்களின் பட்டையைச் சீவி எண்களை வெட்டுவார்கள். அது என்ன மரம், எந்தத் திசையில், எத்தனை கண்ணி தூரத்தில் என்று குறிப்பேட்டில் எழுதுவார்கள்.

பிழைகள் மூன்று வழிகளில் வந்தன. நூற்றுக்கணக்கான இரும்பு இணைப்புகள் தேயத் தேயச் சங்கிலி நீளும். ஒரே ஒரு கண்ணி அளவு நீண்டாலும் 640 ஏக்கர் என்று எழுதப்பட்ட செக்‌ஷனில் ஏறக்குறைய 653 ஏக்கர் இருக்கும், வாங்கியவருக்கு அதிர்ஷ்டம். அடுத்தது பூமியின் உருண்டை. வடக்கே போகப் போக தீர்க்கரேகைகள் நெருங்குவதால் சதுரம் சதுரமாக அமையாது. கூடுதல் குறைவையெல்லாம் டவுன்ஷிப்பின் வடக்கு, மேற்கு ஓரச் செக்‌ஷன்களில் தள்ளிவிடுவது விதி. அந்த ஓரத்தில் வாங்குபவர் காகிதத்தில் உள்ள அளவைப் பார்த்து வாங்க வேண்டும். மூன்றாவது, பூமிக்குள் இருக்கும் இரும்பு. 1844-ல் மிச்சிகனில் வில்லியம் ஆஸ்டின் பர்ட் என்ற சர்வேயரின் காந்த ஊசி கண்டபடி சுழன்றது. காரணம் தேடியபோது கிடைத்தது பெரிய இரும்புத் தாதுப் படுகை. காந்தத்தை நம்பாமல் சூரியனை வைத்துத் திசை காணும் கருவிக்கு அவர் 1836-லேயே காப்புரிமை வாங்கியிருந்ததால் அளவு கெடவில்லை.

இனி விலை. 1800-ம் ஆண்டுச் சட்டப்படி ஏக்கர் குறைந்தது 2 டாலர். 320 ஏக்கருக்குக் குறையாமல் வாங்க வேண்டும். கால் பங்கு கட்டிவிட்டு மீதியை 4 ஆண்டுகளுக்குள் தரலாம். கடன் என்றதும் தகுதிக்கு மீறி வாங்கினார்கள். 1819 பொருளாதார நெருக்கடியில் விளைபொருள் விலை சரிய, தவணை நின்றது. அரசுக்கு வரவேண்டிய பாக்கி 2 கோடி டாலரைத் தாண்டியது. 1820-ல் கடன் முறையையே ஒழித்து, விலையை 1.25 டாலராக்கி, குறைந்த அளவை 80 ஏக்கராகக் குறைத்தார்கள். 100 டாலர் ரொக்கம் இருந்தால் ஒரு பண்ணை. 1832-ல் அதுவும் 40 ஏக்கரானது.

ஏலத்தில்தான் தகராறு. சர்வேக்கு முன்பே வந்து வீடு கட்டிக் காடு திருத்தியவர் சட்டத்தின் கண்ணில் அத்துமீறியவர். வெளியூர் வணிகர் கூடுதலாகக் கேட்டால் உழைப்பெல்லாம் போய்விடும். அதனால் குடியேறியவர்கள் சங்கம் அமைத்து, ஏல நாளில் கூட்டமாக வந்து நின்றார்கள். குறைந்தபட்ச விலைக்கு மேல் கேட்கத் துணிந்தவருக்கு அடி உதை காத்திருந்தது. 1841-ல் வந்த முன்னுரிமைச் சட்டம், குடியிருப்பவர் ஏலத்துக்கு முன்பே 160 ஏக்கர் வரை 1.25 டாலர் விலையில் வாங்க வழிசெய்தது. அதாவது, அடியாள் பலத்தால் நடந்துகொண்டிருந்ததைச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

கேள்வி: செரோக்கி என்ற பூர்வகுடி மக்கள் வெள்ளையரைப் போலவே வாழத் தொடங்கியும் ஏன் விரட்டப்பட்டார்கள்?

பதில்: அதனாலேயே என்றும் சொல்லலாம். செக்கோயா என்ற செரோக்கியர் 1821-ல் தம் மொழிக்கு எழுத்து உருவாக்கி முடித்தார். 1827-ல் செரோக்கிகள் அரசியல் சாசனம் எழுதினார்கள். 1828-ல் இருமொழிச் செய்தித்தாள் தொடங்கினார்கள். இவர்கள் இனி நகரமாட்டார்கள் என்பது ஜார்ஜியா மாநிலத்துக்குப் புரிந்துவிட்டது. அடுத்த ஆண்டே அவர்கள் மலைப்பகுதியில் தங்கம் வேறு கிடைத்தது. 1830-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், பூர்வகுடிகளை வெளியேற்றும் சட்டத்தை நிறைவேற்றியது. 1832-ல் ஜார்ஜியா செரோக்கி நிலத்தைக் குலுக்கல் சீட்டில் வெள்ளையருக்குப் பங்கிட்டது: விவசாயத் துண்டு 160 ஏக்கர், தங்கத் துண்டு 40 ஏக்கர். அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் செரோக்கி நாட்டில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதை நடைமுறைப்படுத்த யாரும் வரவில்லை. 1835 டிசம்பரில் ஒரு சிறு பிரிவினர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, பெரும்பான்மையினர் எதிர்த்தும், காங்கிரஸின் மேலவையான செனட் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே ஒரு வாக்கில் ஏற்றது. 1838-ல் படை வந்து சுமார் 16,000 பேரை வெளியேற்றியது. முகாம்களிலும் வழியிலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 4,000 பேர் என்பது பொதுவான மதிப்பீடு.

கேள்வி: நியூயார்க் மாநிலத்தின் ஈரி கால்வாயைப் பொறியியல் படித்த யாரும் இல்லாமலே கட்டினார்கள் என்பது உண்மையா?

பதில்: ஏறக்குறைய உண்மை. தலைமைப் பொறுப்பில் இருந்த பெஞ்சமின் ரைட், ஜேம்ஸ் கெட்டிஸ் இருவரும் நில சர்வே செய்து பழகியவர்கள். 363 மைல் நீளம், மேலே 40 அடி, அடியில் 28 அடி அகலம், 4 அடி ஆழம், படகை ஏற்றி இறக்கும் 83 லாக்குகள். ஆல்பனியிலிருந்து பஃபலோவுக்குள் சுமார் 570 அடி ஏற்றம்.

அவர்கள் காட்டிய புத்திசாலித்தனம் தொடங்கிய இடத்தில் இருக்கிறது. 1817 ஜூலை 4 அன்று வேலையை எந்த முனையிலும் தொடங்காமல், நடுவில் ரோம் என்ற ஊரில் தொடங்கினார்கள். அங்கே நெடுந்தூரம் சமதளம், லாக் தேவையில்லை. 1819-லேயே படகு ஓடியது, சுங்கமும் வந்தது, கேலி செய்தவர்கள் வாயும் அடைந்தது. வேர்க்கட்டைகளைப் பிடுங்க 16 அடி உயரச் சக்கரங்கள் கொண்ட ஒரு கருவி செய்தார்கள். அதைக் கொண்டு 7 ஆட்கள் ஒரு நாளில் 30 முதல் 40 கட்டைகளை எடுத்தார்கள்.

பெரிய தலைவலி தண்ணீர் கசிவு. சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து நீருக்கடியில் இறுகாது. கல் கட்டிய லாக் சுவர் கரைந்து போகும். இறுகும் சிமெண்டை ஐரோப்பாவிலிருந்து தருவித்தால் செலவு தாங்காது. இங்கிலாந்துக் கால்வாய்களை நடந்தே பார்த்து வந்த கான்வஸ் ஒயிட், 1818-ல் சிட்டினாங்கோ அருகே ஒரு சுண்ணாம்புக்கல்லைக் கண்டுபிடித்தார். சுட்டுப் பொடித்துக் குழைத்தால் அது நீருக்கடியிலும் இறுகியது. மண் கரைகளுக்கு, களிமண்ணை நீர் விட்டு மிதித்து அடுக்கடுக்காகப் பூசினார்கள்.

லாக் என்பது 90 அடி நீளம், 15 அடி அகலமுள்ள தொட்டி. இரட்டைக் கதவுகள் மேல்நீர்ப் பக்கம் பார்த்து ஆப்பு வடிவில் சேர்வதால், தண்ணீர் அழுத்த அழுத்த இறுக்கமாக மூடிக்கொள்ளும். சிறு மதகைத் திறந்து உள்ளே நீர் நிரம்பி இருபுறமும் சமமானால்தான் கதவு அசையும். கட்டிய பிறகும் கரையைக் காவல் காக்க வேண்டியிருந்தது. நீர்எலிகள் வளை தோண்டினால் அங்கே உடைப்பு. படகு வேகமாகப் போனால் அலை கரையை அரிக்கும் என்பதால் மணிக்கு 4 மைல்தான் உச்ச வேகம். 1825-ல் முழுதும் திறந்தபின் பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் சரக்கின் கூலி 100 டாலரிலிருந்து 10 டாலருக்கு அருகே இறங்கியது. மேற்கத்தியக் கோதுமை விலைபோகத் தொடங்கியது அப்போதுதான்.

கேள்வி: ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபராக இருந்த காலத்தில் (1829–37) சாமானியனுக்கு ஓட்டு வந்தது என்கிறார்களே, வாக்குப்பதிவு எப்படி நடந்தது?

பதில்: ரகசியமாக நடக்கவில்லை. அரசு வாக்குச்சீட்டு என்று எதுவும் கிடையாது. கட்சிகளே தங்கள் வேட்பாளர் பட்டியலை அச்சடித்துக் கொடுக்கும். பல நேரம் நிறக் காகிதத்தில். கையில் என்ன நிறம் என்று சாவடியில் நிற்கும் கட்சிக்காரருக்குத் தெரியும். வர்ஜீனியா, கென்டக்கி போன்ற இடங்களில் வாக்காளர் வாய்விட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும். நாடு முழுவதும் ஒரே நாளில் தேர்தல் என்பதே 1848-ல்தான் முதன்முறை.

சொத்துத் தகுதி பெரும்பாலான மாநிலங்களில் நீங்கியது, ஆனால் வெள்ளை ஆண்களுக்கு மட்டும். 1821-ல் நியூயார்க் வெள்ளையருக்குத் தகுதியைத் தளர்த்தியபோதே கருப்பின ஆண்களுக்கு 250 டாலர் சொத்து வேண்டும் என்றது. பென்சில்வேனியா 1838-ல் அவர்கள் ஓட்டுரிமையை அடியோடு பறித்தது. நியூ ஜெர்சியில் சொத்துள்ள பெண்கள் ஓட்டுப் போட்டுவந்தார்கள். 1807-ல் அதுவும் போனது. கதவு ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் மூடியது என்பதே சரியான வரலாறு.

கேள்வி: அந்நாளில் சிற்றூர்களில்கூடச் செய்தித்தாள் படித்தார்களாமே?

பதில்: தபால் கட்டணத்தைப் பாருங்கள். 1792 சட்டப்படி செய்தித்தாள் 100 மைலுக்கு 1 சென்ட், அதற்கு மேல் 1.5 சென்ட். கடிதமோ தூரத்தைப் பொறுத்து 25 சென்ட் வரை. பெரும்பாலும் வாங்குபவர் கட்டுவார். பத்திரிகை ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் இதழ்களை இலவசமாக அனுப்பிக்கொள்ளலாம். வந்ததை வெட்டி எடுத்துப் போட்டுத்தான் சிறு ஊர்ப் பத்திரிகைகள் பக்கங்களை நிரப்பின. 1833-ல் நியூயார்க் சன் 1 சென்ட் விலையில் வந்தது. மற்ற நாளிதழ்கள் அப்போது 6 சென்ட்.

கேள்வி: புதிய பிரதேசம் மாநிலமாவதில் ஏன் ஒவ்வொரு முறையும் சண்டை?

பதில்: விதி எளிமையானது. 1787 ஆணைப்படி ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே இருந்த வடமேற்குப் பிரதேசத்தில் 60,000 சுதந்திர மக்கள் சேர்ந்தால் மாநிலம் கேட்கலாம். சண்டை செனட் இடத்துக்காக. மாநிலத்துக்கு இரண்டு இடம். அடிமை முறை உள்ளதா இல்லையா என்பதைப் பொறுத்துத் தராசு சாயும். 1820-ல் அடிமை முறை உள்ள மிசௌரியோடு அது இல்லாத மெய்னைச் சேர்த்துச் சமன் செய்தார்கள். லூசியானா நிலத்தின் மற்ற பகுதியில் 36°30' அட்சரேகைக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று கோடு போட்டார்கள். 1848-ல் மெக்சிகோவிடமிருந்து பெருநிலம் வந்ததும் கேள்வி மீண்டும் எழுந்தது. 1850 சமரசத்தில் கலிஃபோர்னியா சுதந்திர மாநிலமானது, அதாவது அடிமை முறை இல்லாத மாநிலம். பதிலுக்கு, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் சட்டம் கடுமையானது. பிடிபட்டவரை உரிமையாளரிடம் அனுப்பும்படி தீர்ப்பளித்தால் வழக்கை விசாரிக்கும் ஆணையருக்கு 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். கூடுதல் எழுத்துவேலைக்குத்தான் கூடுதல் காசு என்றார்கள். வடக்கே யாரும் நம்பவில்லை.

1854-ல் கேன்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் அந்த 36°30' எல்லைக்கோடு இனி இல்லை என்றாக்கி, குடியேறியவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றது. யார் குடியேறியவர், எத்தனை நாள் தங்கியிருக்க வேண்டும் என்று உறுதியாக வரையறுக்காததுதான் ஓட்டை. 1855 மார்ச் 30 தேர்தலுக்கு முன் எடுத்த கணக்கில் தகுதியுள்ள வாக்காளர்கள் 2,905 பேர். விழுந்த வாக்குகள் 6,307. அடிமை முறையை ஆதரித்தவர்கள் மிசௌரியிலிருந்து ஆயுதங்களோடு எல்லை தாண்டி வந்து ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அப்படி அமைந்த சட்டமன்றத்தை எதிர்தரப்பு ஏற்காமல் போட்டி அரசு அமைத்தது. துப்பாக்கிச் சண்டைகள் தொடர்ந்தன. கேன்சஸ் சுதந்திர மாநிலமாகச் சேர்ந்தது 1861 ஜனவரி 29-ல். அதற்குள் தெற்கின் ஆறு அடிமை முறை மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து விலகிவிட்டதால், செனட்டில் தடுக்கப் போதிய எண்ணிக்கை அவர்களிடம் இல்லை.