சி.டி. ஆஞ்சியோ படம் கலங்கலாக வந்தால் பெரிய மெஷினுக்கு மாறணுமா?

அப்பாவுக்கு எடுத்த கரோனரி சி.டி. ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்களைப் பார்க்கும் ஸ்கேன்) தெளிவில்லை, மறுபடி எடுக்கணும் என்கிறார்கள். ஒரு சுற்றில் 64 குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் 64 ஸ்லைஸ் மெஷினை விட்டு 128-க்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு வருடமாக சி.டி. டெக்னீஷியனாக இருக்கிறேன். நான் முதலில் கேட்பது, ஸ்கேனின்போது அப்பாவின் நாடித்துடிப்பு எத்தனை?

60-ஐ ஒட்டி இருந்தால், இரண்டு துடிப்புக்கு நடுவே ரத்தக்குழாய் அடங்கி நிற்கும் நேரம் நீளமாகக் கிடைக்கும். 85-ல் ஓடினால் அது சுருங்கிவிடும். அதுவும் வலது கரோனரி, அதாவது இதயத்தின் வலப்பக்க ரத்தக்குழாய், ரொம்பவே ஆடும். படத்தில் வால் முளைத்த மாதிரி இழுபட்டுத் தெரியும். அதில் அடைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

துடிப்பு சரியாக இருந்தும் கோட்டைவிட்டிருக்கிறேன். ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். மாத்திரை கொடுத்துத் துடிப்பு 62-க்கு இறங்கியிருந்தது. வலது கையில் பச்சை வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் ஊசிக்குழாய்), ரத்தக்குழாயைப் படத்தில் காட்டும் மருந்து நன்றாக ஏறியது. மெஷின் பேசுவதோ இங்கிலீஷில். அதனால் மைக்கில் நானே, "தம் கட்டுங்கம்மா" என்றேன். மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு. தோள் ஏறி, கழுத்து நரம்பு புடைக்க முக்கிவிட்டார். ஈ.சி.ஜி.யில் துடிப்பு மாறியது. பாதியில் மூச்சையும் விட்டுவிட்டார். இதயம் படிக்கட்டு படிக்கட்டாக வெட்டுப்பட்டு வந்தது. திரும்ப 70 மில்லி மருந்து, திரும்பக் கதிர்வீச்சு.

"நான் சரியாத்தானே சாமி தம் கட்டுனேன்?" என்று கேட்டார். சரியாகத்தான் கட்டினார். தப்பாகச் சொன்னது நான்.

அன்று சாயங்காலமே மெஷினில் என் குரலைப் பதிவு செய்தேன்: "மெதுவா மூச்சை இழுங்க... அப்படியே நிறுத்துங்க..." இப்போது யாராக இருந்தாலும் வயிற்றில் கை வைத்து மூன்று தடவை பழக்காமல் ஊசிக்குப் போவதில்லை.

மெஷினே முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். இரண்டு எக்ஸ்-ரே டியூப் உள்ள டூயல் சோர்ஸ் மெஷின் வேகமான துடிப்பையும் சமாளிக்கும். ஆனால் மூச்சை யார் சொல்லித் தருவது? ரிப்போர்ட்டில் எங்கள் பெயர் வராது, படம் கெட்டால் மட்டும் "எடுத்தது யாரு?" என்று தேடி வருவார்கள். இரவு ஷிப்டில் ஊசி போடுவது, படுக்க வைப்பது, படம் எடுப்பது எல்லாம் ஒரே ஆள். பத்து நிமிடம் கூடுதலாக ஒரு நோயாளியிடம் பேசினால், வெளியே ஆள் காத்திருக்கு என்று போன் வரும்.

நீங்கள் அதே இடத்திலேயே எடுங்கள். அதற்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்து, இன்னொரு தடவை மருந்து ஏற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும் அவர் முடிவு; ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து காபி, டீ வேண்டாம். அவசரமாகப் படியேற வைக்காமல் ஒரு மணி நேரம் முன்னதாகவே கூட்டிப்போய் உட்கார வையுங்கள். முக்காமல் பத்து நொடி மூச்சை நிறுத்த, அப்பாவை இன்றைக்கே வீட்டில் பழக்குங்கள்.