30 மணி நேரம் இல்லை, 15 மணி நேரம் உண்டு

தம்பி, வேலை விசாவில் லெஸ்டருக்கு வந்து மூன்று மாதம், நீங்களும் மனைவியும் வேலைக்குப் போகிறீர்கள், பையனுக்கு வருகிற பிப்ரவரியில் மூன்று வயது. "நர்சரி வாரத்துக்கு 30 மணி நேரம் இலவசம் என்கிறார்களே, எங்களுக்கும் உண்டா?" என்று கேட்டிருந்தீர்கள். கிடையாது. ஆனால் அதைக் கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். நாங்கள் அப்படி விட்டுத்தான் காசை இழந்தோம்.

அந்த 30 மணி நேரம் இங்கிலாந்தில் வேலை பார்க்கும் பெற்றோருக்கானது. 2025 செப்டம்பரிலிருந்து 9 மாதக் குழந்தைக்கே முழுதாகத் தருகிறார்கள். ஆனால் அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்காவது அரசு உதவி பெறும் உரிமை இருக்க வேண்டும். உங்கள் இருவர் விசாவிலும் 'நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்', அதாவது அரசு உதவி கிடையாது என்றுதான் இருக்கும். நாம் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு சேர்க்கும் டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் கணக்குக்கும் அதே கதைதான். ஐஎல்ஆர் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று வயதுக்கு மேல் எல்லாப் பிள்ளைகளுக்கும் தரும் 15 மணி நேரம் வேறு. அதற்கு விசாவையும் பார்ப்பதில்லை, சம்பளத்தையும் பார்ப்பதில்லை. குடிவரவு விதிப்படி அது 'பப்ளிக் ஃபண்ட்' கணக்கிலும் வராது. இது தெரியாமல், நர்சரியில் தந்த படிவத்தை மனைவி கையிலிருந்து வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டியவன் நான். "நாளைக்கு விசா நீட்டிக்கும்போது ஹோம் ஆபீஸ் (விசா தரும் உள்துறை) கேட்டால் என்ன சொல்வாய்?" என்று வியாக்கியானம் வேறு. ஒரு டெர்ம் முழுக்க முழுக் கட்டணம் கட்டிய பிறகு, நர்சரி வாசலில் இன்னொரு குழந்தையின் அம்மா சொல்லித்தான் விவரம் புரிந்தது.

பிறந்தநாளன்றே இது தொடங்காது. மூன்று வயது முடிந்தபின் வரும் ஜனவரி 1, ஏப்ரல் 1, செப்டம்பர் 1, இவற்றில் எது முதலோ அதிலிருந்து. உங்கள் பையனுக்கு ஏப்ரல். என் மகள் பிறந்தது ஏப்ரல் 3, மூன்றே நாளில் ஐந்து மாதம் தள்ளிப்போய்விட்டது.

அப்புறம், 'இலவசம்' என்ற சொல்லை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். 15 மணி நேரம் என்பது வருடத்தில் 38 வாரத்துக்குத்தான், ஆக மொத்தம் 570 மணி. சில நர்சரிகள் அதை 51 வாரத்துக்கும் பரப்பிவிடும், அப்போது வாரத்துக்குப் பதினொரு மணிதான் கழியும். எங்களுக்கு வந்த முதல் பில்லில் சாப்பாடு, நாப்பி, சன்கிரீம் என்று தனித்தனியாகக் கட்டணம் போட்டிருந்தார்கள். அவற்றை வாங்கினால்தான் இலவச இடம் என்று அவர்கள் நிபந்தனை போடக் கூடாது. சாப்பாடு கட்டிக் கொடுக்கலாமா என்று சேரும் முன்பே கேளுங்கள். பள்ளியோடு சேர்ந்த நர்சரியில் செலவு குறைவு, ஆனால் பெரும்பாலும் காலை மூன்று மணி நேரம்தான். மதியம் கூட்டிப்போக ஒரு சைல்ட்மைண்டர் (காசு வாங்கிக்கொண்டு பிள்ளை பார்த்துக்கொள்பவர்) வேண்டியிருக்கும்.

ஆன்லைனில் 11 இலக்க எண் வாங்கச் சொல்வார்கள். அது 30 மணிக்காரர்களுக்கு, உங்களுக்குத் தேவையில்லை. பையனின் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே இரண்டு மூன்று நர்சரியில் ஏறி இறங்குங்கள். ஏப்ரலுக்கு இடம் கேட்டு மார்ச்சில் போனால் வெயிட்டிங் லிஸ்டில்தான் பெயர் எழுதுவார்கள்.