அமெரிக்க ராணுவத்தில் போதைப்பொருள் சோதனை எப்படி நடக்கிறது? தவறே செய்யாத ஒருவர் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டா?

உங்கள் மகன் அமெரிக்கத் தரைப்படையில் சேரப்போகிறான் என்றும், அங்கே அடிக்கடி சிறுநீர்ச் சோதனை நடத்துவார்கள் என்று கேள்விப்பட்டுக் கவலைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மாதிரிகள் மாறிப்போனால் என்ன ஆகும், யாராவது புட்டியை மாற்றிவிட முடியாதா, எதையும் தொடாத பையன் சிக்கிக்கொள்வானா என்பவை உங்கள் கேள்விகள். நான் அதே படையில் பணியாற்றியவன். என் கம்பெனிக்கான, அதாவது என் படைப்பிரிவுக்கான, மாதிரி சேகரிப்புப் பொறுப்பு சில காலம் என்னிடம் இருந்தது. அந்தப் பொறுப்பில் இருப்பவரை யூ.பி.எல். என்பார்கள். தனிப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் புட்டிகளைத் தொடவே விடுவார்கள்.

பொதுவாக எல்லோரும் ஆய்வகத்து இயந்திரத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். இந்த ஏற்பாட்டிலேயே மிக உறுதியான பகுதி அதுதான். நான் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தது கழிவறைக்கும் என் மேசைக்கும் நடுவிலுள்ள சில அடி தூரத்தை. புட்டி யார் கையில் இருந்தது, யார் கண்ணெதிரே இருந்தது, அதை யார் எழுதிக் கையெழுத்திட்டார் என்பதில்தான் ஒரு வீரனின் பிழைப்பே தொங்குகிறது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு பழைய வரலாறும் உண்டு; பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறை. பணியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் சராசரியாக ஆண்டுக்கு ஒரு சோதனையாவது நடக்க வேண்டும் என்பது பாதுகாப்புத் துறையின் விதி. எதேச்சைச் சோதனைக்குப் பெயர்களைக் கணினி பொறுக்கும். எந்த நாள், எத்தனை சதவீதம் பேர் என்பதைக் கமாண்டர் முடிவு செய்யலாம். அந்தப் பட்டியலில் ‘இவனைச் சேர், அவளை விடு’ என்று சொல்ல அவருக்கும் அதிகாரம் இல்லை. ஒவ்வொரு முறையும் எல்லாப் பெயர்களும் மீண்டும் குலுக்கலுக்குள் வரும். அதனால் போன மாதம் கொடுத்தவனையே இந்த மாதமும் கூப்பிடலாம். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. சில நாள் மொத்தக் கம்பெனியையும் நிறுத்திவைத்து எடுப்பார்கள். அதிகாரிகளுக்கும் விலக்குக் கிடையாது. புதிதாகச் சேருபவர்களுக்கும் சோதனை உண்டு. உங்கள் மகன் சந்திக்கும் முதல் சோதனை அதுவாகத்தான் இருக்கும்.

சோதனை நாளை முன்கூட்டி யாரும் ஊகிக்கக் கூடாது. விடியற்காலை அணிவகுப்பில் பெயர்களை வாசிப்பதுதான் வழக்கம் என்றாலும், மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அழைப்பதும் உண்டு. பெயர் வாசிக்கப்பட்டவர்கள் ஒரே அறையில் காத்திருப்பார்கள். மாதிரி கொடுத்து முடிக்கும் வரை வெளியே போக முடியாது.

மேசையில் நடப்பது இது. வீரர் அடையாள அட்டையைத் தருவார். அட்டையையும் பட்டியலையும், தேதியும் அடையாள எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவேன். பிறகு வீரரே அந்தச் சீட்டை வாசித்து, எண் சரியென்று பார்த்து, அதில் தன் முதலெழுத்துகளைப் போட வேண்டும். புதுப் புட்டியை அவர் கண்ணெதிரிலேயே பெட்டியிலிருந்து எடுத்து, சீட்டை ஒட்டிக் கொடுப்பேன். அந்த நொடியிலிருந்து புட்டி அவர் கையிலும் கண்காணிப்பாளரின் பார்வையிலும் இருக்கும்.

கண்காணிப்பாளர் என்பவர் அதே பாலினத்தைச் சேர்ந்த, சார்ஜென்ட் அல்லது அதற்கு மேற்பட்ட தகுதியுள்ள ஒருவர். அவருடைய வேலையை நாசூக்காகச் சொல்ல வழியில்லை. சிறுநீர் உடலிலிருந்து வெளியேறிப் புட்டிக்குள் விழுவதை அவர் நேராகப் பார்க்க வேண்டும். முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பதோ கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதோ செல்லாது. பெண்களுக்கு அகன்ற வாயுள்ள கிண்ணம் கொடுத்து, அதிலிருந்து புட்டிக்கு ஊற்ற அனுமதி உண்டு. அதுவும் பார்வைக்கு முன்னால்தான். குறைந்தது 30 மில்லிலிட்டர் தேவை.

பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு கூச்சமான விஷயம் என்பது எனக்குத் தெரியும். பார்ப்பவருக்கும் அது சங்கடம்தான். யாராவது பக்கத்தில் நின்றால் சிறுநீர் வராத இயல்புள்ளவர்கள் எல்லாப் பிரிவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, காத்திருக்கச் சொல்லி, மறுபடி அழைத்துப் போவோம். அப்படி நின்றவர்களை மற்றவர்கள் கேலி செய்தால் நான் உடனே அடக்கிவிடுவேன். உடல் ஒத்துழைக்காததைக் குற்றத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளும் கண்காணிப்பாளரை அடுத்த முறை நான் பயன்படுத்தியதில்லை. அதே சமயம், இந்த நேரடிப் பார்வை இல்லாவிட்டால் மொத்தச் சோதனையும் பயனற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். புட்டியை மாற்றிவிட வழியில்லையா என்று கேட்டீர்களே, அதை அடைப்பது இந்தப் பார்வைதான்.

புட்டி திரும்பி வந்ததும் மூடியின் மேலிருந்து இரு பக்கமும் இறங்கும்படி முத்திரை நாடாவை வீரரின் கண் முன்னாலேயே ஒட்டுவேன். பிரித்தால் கிழிந்து காட்டிக்கொடுக்கும் நாடா அது. வீரரும் கண்காணிப்பாளரும் பதிவேட்டில் கையெழுத்திடுவார்கள். பிறகு, புட்டிகளோடு பயணிக்கும் கைமாற்றப் படிவம் ஒன்று உண்டு, டி.டி. 2624 என்பது அதன் எண். என்னிடமிருந்து யார் வாங்கினார், எப்போது, எதற்காக என்று ஒவ்வொரு கைமாற்றமும் அதில் ஏறும். ஃபோர்ட் மீட், ஹவாயின் ட்ரிப்ளர், டெக்சாஸின் லாக்லண்ட், கடற்படையின் கிரேட் லேக்ஸ் போன்ற இடங்களில் உள்ள ராணுவ ஆய்வகங்களில் ஒன்றுக்கு அவை போகும். ஆய்வகத்தில் பெயரைப் பார்க்க முடியாது, எண் மட்டும்தான். அங்கே முதல் வேலை, முத்திரை கிழிந்திருக்கிறதா, சீட்டிலுள்ள எண்ணும் படிவத்திலுள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது. பொருந்தாவிட்டால் அந்த மாதிரியைச் சோதிக்காமலே தள்ளிவிடுவார்கள்.

இந்தக் கெடுபிடி எங்கிருந்து வந்தது? 1971-ல் வியட்நாமில் ஹெராயின் பரவியபோது, நாடு திரும்பும் வீரர்கள் விமானம் ஏறும் முன் சிறுநீர்ச் சோதனை கொடுக்க வேண்டும் என்று அதிபர் நிக்சன் அரசு உத்தரவிட்டது. அப்போது அதன் நோக்கம் சிகிச்சைதான். பிடிபட்டவர்களைப் போதை தெளியும் வரை அங்கேயே வைத்திருந்து பிறகு அனுப்பினார்கள். 1980-ல் பாதுகாப்புத் துறை நடத்திய கணக்கெடுப்பில், முந்தைய 30 நாட்களுக்குள் போதைப்பொருள் பயன்படுத்தியதாக 27.6 சதவீதம் பேர் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். மறு ஆண்டு, 1981 மே 26 அன்று, நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் இறங்கிய ப்ரௌலர் விமானம் விபத்துக்குள்ளாகி 14 பேர் இறந்தார்கள். இறந்த தளப் பணியாளர்களில் சிலரின் உடலில் கஞ்சாவின் தடயம் இருந்தது. விபத்துக்கு அதுவே காரணம் என்று கடற்படை சொல்லவில்லை. ஆனாலும் நாடு அதிர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், சோதனை முடிவைத் தண்டனை நடவடிக்கைக்கும் பயன்படுத்தலாம் என்று பாதுகாப்புத் துறை அனுமதித்தது.

சோதனைகளின் எண்ணிக்கை திடீரென்று பெருகியது. ஆய்வகங்கள் திணறின. 1983-ல் தரைப்படை தானே அமைத்த ஆய்வுக் குழு பார்த்தபோது, மாதிரிகளின் கைமாற்றப் பதிவுகளில் ஓட்டைகள் இருந்தன. ஆய்வகத் தாள்கள் அரைகுறையாகக் கிடந்தன. ஆயிரக்கணக்கான வீரர்களின் பாசிட்டிவ் முடிவுகள் சட்டத்தின் முன் நிற்கும் தகுதி இல்லாதவை என்று தெரியவந்தது. பதவி இறக்கப்பட்டவர்களும் வெளியேற்றப்பட்டவர்களும் தங்கள் பதிவைத் திருத்தச் சொல்லி விண்ணப்பிக்கலாம் என்று அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. அவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே நிரபராதிகள் என்பதைப் பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தத் தாள்களோடு அந்த உண்மையும் போய்விட்டது. இப்போதைய ஒவ்வொரு கையெழுத்தும் அந்த அநியாயத்துக்குப் பிறகு வந்தது. சலித்துக்கொள்ளும் இளம் வீரர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

ஆய்வகப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் சோதனை இம்யூனோ அஸே என்ற விரைவு முறை. அதில் சந்தேகம் வந்தால், புட்டியிலிருந்து புதிதாக ஒரு பகுதி எடுத்து மீண்டும் அதே சோதனை. அதிலும் வந்தால், மூலக்கூறையே அடையாளம் காட்டும் நிறை நிரலியல் கருவியில் உறுதிப்படுத்துவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் வரம்பு அளவு உண்டு. கஞ்சாவுக்கு முதல் சோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம், உறுதிப்படுத்தும் சோதனையில் 15. கொக்கெய்னுக்கு 150, பிறகு 100. அதற்குக் கீழே இருந்தால் முடிவு நெகட்டிவ்தான். பக்கத்தில் யாரோ புகைத்ததைச் சுவாசித்துவிட்டவர் சிக்கிவிடக் கூடாது என்பதும் இந்த வரம்புகளின் நோக்கங்களில் ஒன்று. இதற்கிடையே, விடை முன்பே தெரிந்த மாதிரிகளை மற்றவற்றோடு கலந்து அனுப்பி ஆய்வகத்தையே சோதிப்பதும் நடக்கும்.

எதைத் தேடுகிறார்கள் என்ற பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். 2013-ல் செயற்கைக் கஞ்சா வகைகளும் 2019-ல் ஃபென்டனிலும் சேர்ந்தன. எல்.எஸ்.டி. அபூர்வமாகத்தான் சிக்குகிறது என்று 2006-ல் நீக்கினார்கள். பத்து ஆண்டுக்குப் பிறகு, அணு ஏவுகணைத் தளம் ஒன்றைக் காக்கும் விமானப்படையினர் சிலர் அதைப் பயன்படுத்தியது வெளிப்பட்டது. 2020-ல் அது மீண்டும் பட்டியலுக்கு வந்தது.

நீங்கள் உண்மையில் கேட்க வந்த கேள்விக்கு வருகிறேன். எந்தத் தவறும் செய்யாதவருக்குப் பாசிட்டிவ் வருமா? வரும். ஆனால் அது பெரும்பாலும் இயந்திரத்தின் பிழையாக இருக்காது. மருத்துவர் கொடுத்த வலி மாத்திரை, கவனக்குறைவுக்குக் கொடுக்கப்படும் ஆம்ஃபெட்டமின் மருந்து ஆகியவை சோதனையில் தெரியத்தான் செய்யும். இத்தகைய முடிவுகளை, அதற்கென்று பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர் வீரரின் மருத்துவப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த கட்டம். என் பிரிவில் ஒரு வீராங்கனைக்கு இப்படித்தான் வந்தது. மருந்துச் சீட்டு அவருடைய பதிவில் இருந்ததால் விஷயம் அத்தோடு முடிந்தது. ஆனாலும் முடிவு வரும்வரை அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும், மூக்கடைப்புக்கு உறிஞ்சும் சில மருந்துகளில் மெத்தாம்ஃபெட்டமினின் தீங்கற்ற கண்ணாடிப் பிம்ப வடிவம் இருக்கும். அதையும் போதை வடிவத்தையும் ஆய்வகம் தனியாகப் பிரித்துக் காட்டிவிடும்.

அடுத்தது கசகசா. நம் வீட்டுக் குருமாவில் சேர்ப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். கசகசா உண்டவரின் சிறுநீரில் மார்ஃபினும் கோடீனும் தெரியலாம். ஹெராயினுக்கு மட்டுமே உரிய 6-மோனோ அசிட்டைல் மார்ஃபின் என்ற தடயம் அதில் வராது. அதனால் ஹெராயின் குற்றச்சாட்டு நிற்காது. கோடீன் விஷயம் அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. சில ரகக் கசகசாவில் முன்பு நினைத்ததைவிடக் கோடீன் அதிகம் ஒட்டியிருக்கிறது என்று கண்டு, 2023 பிப்ரவரியில் பாதுகாப்புத் துறை எல்லா வீரர்களையும் கசகசாவைத் தவிர்க்கச் சொன்னது. அதேபோல் சணல் வகைக் கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் எண்ணெய், மிட்டாய் போன்றவை கடையில் சட்டப்படி விற்றாலும், மாநிலமே கஞ்சாவை அனுமதித்திருந்தாலும், வீரர்களுக்கு அவை தடைதான்.

உறுதியான பாசிட்டிவ் வந்துவிட்டால், ராணுவச் சட்டத்தின் 112ஏ பிரிவு பாயும். கமாண்டர் நிலையிலான தண்டனை முதல் ராணுவ நீதிமன்றம் வரை போகலாம். பணிநீக்க நடவடிக்கை பெரும்பாலும் தொடங்கிவிடும். இங்கே, சோதனை எந்த அடிப்படையில் நடந்தது என்பது மிக முக்கியம். எதேச்சைச் சோதனையின் முடிவையோ, வலுவான சந்தேகத்தின் பேரில் சட்டப்படி எடுத்த சோதனையின் முடிவையோ நீதிமன்றத்தில் வைக்கலாம். அந்த அளவு ஆதாரம் இல்லாமல் கமாண்டர் வெறும் ஐயத்தில் எடுக்கச் சொன்ன சோதனையை அங்கே வைக்க முடியாது. ஒட்டுச்சீட்டில் இரண்டெழுத்துக் குறியீடாக இந்த அடிப்படை அச்சாகியிருக்கும். மேலும், தெரிந்தே உட்கொண்டால்தான் அது குற்றம். யாரோ பானத்தில் கலந்துவிட்டார்கள் என்று ஒருவர் வாதாடலாம். நீதிமன்றம் அதை எளிதில் ஏற்பதில்லை, ஆனால் கேட்டாக வேண்டும். பாசிட்டிவ் என்று உறுதியான மாதிரியை ஓராண்டு உறைநிலையில் பாதுகாப்பார்கள். மறுசோதனை கேட்கவும், ஆய்வகத்தின் முழுக் கோப்பைக் கேட்டு வாங்கவும் வழி உண்டு. ராணுவம் தரும் வழக்கறிஞருக்குக் கட்டணம் இல்லை. அவரைப் பார்க்கும் முன் எந்த வாக்குமூலமும் தரத் தேவையில்லை.

உங்கள் மகனிடம் சில விஷயங்களைச் சொல்லி அனுப்புங்கள். வெளி மருத்துவர் எது எழுதிக்கொடுத்தாலும் அதை ராணுவ மருத்துவப் பதிவில் ஏற்றிவிட வேண்டும். பழைய மாத்திரை மிச்சமிருந்தால் பிறகு எப்போதாவது போடலாம் என்று வைத்திருக்கக் கூடாது. பணியில் சேர்ந்த பிறகு எப்போதாவது தவறிப்போய்ப் பழக்கம் பிடித்துவிட்டால், சோதனைக்கு அழைக்கப்படும் முன்பே தானாகப் போய் உதவி கேட்டால் அந்த ஒப்புதலை அவனுக்கு எதிராக ராணுவ நீதிமன்றத்தில் பயன்படுத்த முடியாது. பெயர் வாசித்த பிறகு கேட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. மேசைக்கு வந்ததும் ஒட்டுச்சீட்டிலுள்ள எண்ணை ஒவ்வொன்றாகத் தன் அட்டையோடு ஒப்பிட்ட பிறகே கையொப்பம் போட வேண்டும். முத்திரை நாடா ஒட்டும் வரை புட்டியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. பின்னால் நிற்கும் சார்ஜென்ட் சீக்கிரம் சீக்கிரம் என்று அவசரப்படுத்தினாலும் சரி, நிதானமாகப் பார்க்க அவனுக்கு உரிமை இருக்கிறது.