பத்தாயிரம் ரூபாய் மைக்கில் ஸ்டுடியோ குரல் கிடைக்குமா?

கேள்வி: வீட்டிலேயே பாடிப் பதிவு செய்து வெளியிட விரும்புகிறேன். லட்ச ரூபாய் மைக் இல்லாமல் ஸ்டுடியோ தரம் வராது என்கிறார் என் தோழி. பத்தாயிரம் ரூபாய்க்குள் வாங்கும் மைக்கில் அது சாத்தியமா?
– வாசகி, மதுரை

பதில்: சாத்தியம்தான். ஆனால் மைக்கை மட்டும் வாங்கி வைத்துவிட்டு மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று இருந்தால், உங்கள் தோழி சொன்னதே பலித்துவிடும்.

1982-இல் வெளியான மைக்கேல் ஜாக்சனின் மிகப் புகழ்பெற்ற தொகுப்பில், அவருடைய குரலைப் பதிவு செய்ய ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியன் பயன்படுத்தியது ஷ்யூர் நிறுவனத்தின் எஸ்.எம்.7 என்ற டைனமிக் மைக் (தனி மின்சாரம் தேவைப்படாத வகை). ஸ்டுடியோக்களில் கொண்டாடப்படும் நியூமன் யு87-இன் விலையோடு ஒப்பிட்டால் அந்த வகை மைக்கின் விலை மிகச் சிறிய பங்குதான். மைக் விற்பவர்கள் இந்தக் கதையை மறக்காமல் சொல்வார்கள். அந்த மைக் நின்றிருந்தது லாஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்ட்லேக் ஸ்டுடியோவில், ஒலிக்கென்றே கட்டப்பட்ட அறையில் என்பதைச் சொல்ல மட்டும் மறந்துவிடுவார்கள்.

நம் வீட்டு அறை அப்படிப்பட்டதன்று. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை ஆகிய மூன்றும் குரலைத் திருப்பி அனுப்புவதால், பாடும் குரலோடு அதன் எதிரொலியும் சேர்ந்தே பதிவாகிறது. பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடிவதில்லை. மைக்கின் உள்ளிரைச்சலை, அதாவது மைக்கே உண்டாக்கும் மெல்லிய சத்தத்தை, பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். யு87-இன் உள்ளிரைச்சல் 12 டெசிபல். விலை குறைந்த ஆடியோ டெக்னிக்கா ஏ.டி.2020-இல் அது 20 டெசிபல். மிக மெல்லிய குரலில் பாடுபவருக்கு இந்த வேறுபாடு பொருட்படுத்த வேண்டியதே. ஆனால் முழு வேகத்தில் சுழலும் மின்விசிறியின் சத்தம் சாதாரணமாக 40 டெசிபலைத் தாண்டிவிடும் என்பதால், விசிறியை நிறுத்தாதவர் எந்த மைக் வாங்கினாலும் ஒன்றுதான்.

முதலில் செய்ய வேண்டியது மைக்கை நெருங்குவது. இரண்டடி தூரத்தில் நின்று பாடியவர் அரையடிக்கு வந்தால், மைக்கைச் சேரும் நேர்க்குரல் ஏறத்தாழ 12 டெசிபல் கூடுகிறது. எதிரொலி அந்த அளவுக்குக் கூடுவதில்லை. காசு செலவில்லாமல் கிடைக்கும் இவ்வளவு பெரிய முன்னேற்றத்தை விலை உயர்ந்த மைக் எதுவும் தராது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: நெருங்க நெருங்கக் குரலில் கீழ்ச்சுருதி கனம் கூடும், 'ப' போன்ற எழுத்துகளில் காற்று வந்து மோதும். ஆகவே இடையில் அந்தக் காற்றைத் தடுக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டரை வைத்து, சுமார் 15 சென்டிமீட்டரில் நிற்பது நல்லது.

அடுத்தது, உங்கள் முதுகுக்குப் பின்னாலும் இரு பக்கங்களிலும் கனமான ரஜாய் அல்லது கம்பளியைத் தொங்கவிடுவது. பாடுபவரின் பின்புறச் சுவரிலிருந்து திரும்பும் ஒலி நேராக மைக்கின் முகத்துக்கே வருவதால், மைக்குக்குப் பின்னால் கட்டுவதைவிட இது பயன் தரும். சுவரில் முட்டை அட்டை ஒட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது எதிரொலியைக் குறைப்பதும் சொற்பம், தெருச் சத்தத்தைத் தடுப்பதோ இல்லவே இல்லை. சுருதிப்பெட்டியை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு பாடுங்கள். அறையில் ஒலிக்கவிட்டால் அதுவும் குரலோடு பதிவாகிவிடும்.

கேள்வி: விலை குறைந்த கண்டன்சர் மைக் வாங்கினேன். 'ஸ', 'ஷ' வரும் இடங்களில் காதைக் கிழிக்கிறது. என் உச்சரிப்பில் குறையா?
– வாசகர், கோவை

பதில்: பெரும்பாலும் உங்கள் மேல் குற்றமில்லை, மலிவு விலை கண்டன்சர் மைக்குகள் (மின்சாரம் பெற்று, நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும் வகை) உண்மையாகவே சறுக்கும் இடம் இதுதான். அவற்றில் பலவற்றின் உள்ளே ஒலியை வாங்கும் பகுதியான கேப்ஸ்யூல், நியூமனின் கே67 கேப்ஸ்யூலைப் பார்த்துச் செய்யப்பட்டது. உயர் அதிர்வெண்களைச் சற்றுத் தூக்கிக் காட்டுவது அதன் இயல்பு. நியூமன் தன் மின்சுற்றிலேயே அதைத் தணித்துச் சமப்படுத்தியது. நகலெடுத்தவர்களில் பலர் கேப்ஸ்யூலை எடுத்துக்கொண்டு அந்தத் தணிப்பை விட்டுவிட்டார்கள்.

மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே பக்கவாட்டில் திருப்பிப் பாடிப் பாருங்கள். கூர்மை கணிசமாகக் குறையும். அப்போதும் தீரவில்லையென்றால், 1966 முதல் மேடைகளில் பழகிய ஷ்யூர் எஸ்.எம்.58 போன்ற டைனமிக் மைக் உங்கள் குரலுக்குப் பொருந்தலாம். அதில் மேல் ஒலிகளின் நுணுக்கம் சிறிது குறையும் என்றாலும், அறையின் சத்தம் பொதுவாக அவ்வளவு உறுத்தாது.

கேள்வி: யு.எஸ்.பி. மைக் போதுமா, தனியாக இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டுமா?
– வாசகர், சேலம்

பதில்: பேச்சுக்கு யு.எஸ்.பி. மைக் போதும். பாட்டுக்கு என்றால், கையில் இருக்கும் தொகையில் பாதியை, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸுக்கு ஒதுக்குங்கள். பின்னாளில் மைக்கை மாற்றினாலும் அது பயன்படும். டைனமிக் மைக்குக்குத் தேவையான ஒலிப்பெருக்கமும், கண்டன்சருக்குத் தேவையான 48 வோல்ட் மின்சாரமும் அதிலிருந்தே கிடைக்கும்.