எட்டு வயதுப் பிள்ளையை சப்வே சர்ஃபர்ஸ் ஆட விடலாமா?

மகனுக்கு எட்டு வயது, தண்டவாளத்தில் ரயிலில் மோதாமல் ஓடும் இந்த போன் விளையாட்டையே எந்நேரமும் கேட்கிறான், இதில் நல்லது என்ன, கெட்டது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். விடலாம். ஆனால் டேட்டாவை அணைத்துவிட்டுக் கொடுங்கள்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் அக்கா பிள்ளைகளும் ஆடுவார்கள், ஆச்சியும் ஆடுவாள். ஆச்சிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பக்கவாட்டில் விரலைத் தள்ளினால் தடம் மாறும், மேலே தள்ளினால் தாண்டும், கீழே தள்ளினால் உருளும். எழுத்துக் கூட்டிப் படிக்க ஒன்றுமில்லை. 2011-ல் வந்த டெம்பிள் ரன் என்ற இதே மாதிரி ஓட்ட விளையாட்டில் காசு பொறுக்க போனையே சாய்க்க வேண்டும். பாபநாசம் போகிற பஸ்ஸின் குலுக்கலில் அது சரிப்படாது. அடுத்த ஆண்டு வந்த இதில் மூன்றே தடம். எதில் மோதினோம், ஏன் மோதினோம் என்று சின்னப் பிள்ளைக்கும் உடனே புரியும். அந்தத் தெளிவுக்காகவே எனக்கு இந்த விளையாட்டு பிடிக்கும்.

குறை இருப்பது ஓட்டத்தில் இல்லை, விழுந்த பிறகு. கபடியில் அவுட்டானவன் கோட்டுக்கு வெளியே வந்துவிடுவான். மூச்சு வாங்கும், தண்ணி குடிக்கத் தோன்றும். இங்கே விழுந்த அந்த நொடியிலேயே விளையாட்டில் சேர்த்த சாவியைக் கொடுத்தால் எழுந்து ஓடலாம் என்று கேட்கும். முதலில் ஒரு சாவி, அடுத்து இரண்டு, பிறகு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும். சாவி தீர்ந்தால் விளம்பரம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் நிஜக் காசு கொடுத்து வாங்க வேண்டும். டேட்டாவை அணைக்கச் சொன்னது இதற்காகத்தான். முடிவே இல்லாத ஓட்டத்தில் பிள்ளை போனைக் கீழே வைப்பதற்கு இருக்கிற ஒரே இடம் விழும் நொடிதான். அதையும் பறித்துக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று, வேகம் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றுதான். சில வாரங்களுக்கு ஒரு தடவை பின்னணியில் ஊர் மாறும், மும்பைகூட வந்திருக்கிறது. தடம் அதே மூன்று.

தண்டவாளத்தைப் பற்றியும் பிள்ளையிடம் பேசிவிடுங்கள். நெல்லை-செங்கோட்டை லைன் ஓரத்தில் வளர்கிற பிள்ளைகளுக்கு ரயில் பாதை குறுக்கு வழியாகத்தான் தெரியும். வேகமாக வரும் ரயில் பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் தள்ளித்தான் நிற்கும். 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி அத்துமீறித் தண்டவாளத்தில் நடந்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், சில நேரம் இரண்டும். இதைச் சொன்னபோது அக்கா மகன் விளையாட்டில் ஓடும் பையனைக் காட்டி, “அப்ப இவன் மட்டும் ஏன் சித்தி ஓடுதான்?” என்றான். ரயிலில் பெயிண்ட் அடித்தான், அதனால்தான் போலீஸ்காரர் நாயோடு விரட்டுகிறார் என்று காட்டினேன். பிடிபடும் இடத்தை அதன்பிறகு கவனித்துப் பார்த்தான்.

பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் விழுந்தவர் போனை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட வேண்டும், சாவி கையில் இருந்தாலும் சரி. ஆச்சிக்கும் அதே சட்டம்தான்.