காலையில் மட்டும் திணறும் கார்

கேள்வி: என்னுடையது 17 ஆண்டுப் பழைய பெட்ரோல் கார், இன்ஜெக்‌ஷன் வண்டி. அப்பா ஓட்டியது, இப்போது நான் ஓட்டுகிறேன். காலையில் முதல் சாவிக்கே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஆனால் கியர் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி மூச்சு அடைத்தாற்போல் அடங்கி, அப்புறம் வெடுக்கென்று இழுக்கிறது. மூன்று, நான்கு நிமிடம்தான் இந்தப் பாடு. சூடாகிவிட்டால் ஒரு குறையும் இல்லை. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றியாகிவிட்டது. இப்போது பெட்ரோல் பம்ப்பையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா ஐயா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் சகோதரி. பம்ப் தளர்ந்திருந்தால் மேடு ஏறும்போதும் முழு வேகத்தில் போகும்போதும்தான் முதலில் தெரியும். பெட்ரோல் அதிகம் கேட்கிற நேரம் அதுதான். உங்கள் வண்டி அங்கெல்லாம் நன்றாக ஓடுகிறதே!

குளிர்ந்த இன்ஜினில் தெளிக்கிற பெட்ரோல் முழுதும் ஆவியாகாது. ஒரு பங்கு உலோகச் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டத்தான் முதல் சில நிமிடங்களுக்கு ஈசியூ என்கிற இன்ஜின் கணினி கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கிறது. எவ்வளவு கூடுதல் என்று எதை வைத்து முடிவு செய்யும்? சைலன்சர் பாதையில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் 300 டிகிரி அளவுக்குச் சூடேறினால்தான் வேலை செய்யும். அதுவரை கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்ப சென்சார் சொல்வதுதான் பெரிதும் கணக்கு. அது பொய் சொன்னால் வண்டி திணறும்.

இதை நான் ஒரு வண்டியில் பட்டுத் தெரிந்துகொண்டேன். இதே நோய்தான். நானும் பிளக் மாற்றினேன், காற்று உள்ளே போகும் த்ராட்டில் பாடியைக் கழட்டிக் கரி போகத் துடைத்தேன். குறை போகவில்லை. அந்த வண்டிக்காரர் அதைக் கொண்டுவரும்போதெல்லாம் கால்மணி நேரம் ஓட்டிக்கொண்டு வருவார். என் கைக்கு வருவது எப்போதும் சூடான வண்டி! கடைசியில், "ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போங்க" என்றேன். மறுநாள் விடிகாலையில் பானட்டின்மேல் பனி ஈரம் கூடக் காயவில்லை. ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, ஈசியூவின் அளவுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டினேன். உள்ளே வரும் காற்றின் வெப்பம் 19 டிகிரி. கூலன்ட் வெப்பம் 68 டிகிரி என்றது. ரேடியேட்டரில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. இன்ஜின் சூடாக இருக்கிறது என்று நம்பி ஈசியூ பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. 68 என்பது நடக்கக்கூடிய அளவுதானே, அதனால் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. கட்டைவிரல் அளவு சென்சார் ஒன்றை மாற்றியதோடு அந்தத் திணறல் தீர்ந்தது.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். வண்டியை இரவு முழுக்க மெக்கானிக்கிடம் விடுங்கள். காலையில் அவர் தொடும் முன்பு யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. கூலன்ட் வெப்பமும் காற்று வெப்பமும் ஓரிரு டிகிரி வித்தியாசத்தில் ஒத்துப்போக வேண்டும். ஸ்கேனர் இல்லையென்றால் மல்டிமீட்டர் போதும். பெரும்பாலான வண்டிகளில் 20 டிகிரியில் அந்த சென்சார் 2,000 முதல் 3,000 ஓம் காட்டும், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் இறங்கிவிடும். குளிர்ந்திருக்கும்போதே சில நூறு ஓம்தான் காட்டினால் ஆள் அதுதான். சென்சாரின் ஸாக்கெட்டில் பச்சை பூத்திருந்தால் கதை தலைகீழ்: உள்ளதைவிடக் குளிர் என்று காட்டி, பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகை வரும்.

சென்சார் சரியாக இருந்தால் அடுத்து வேக்கம் ஹோஸ்கள், அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சும் பக்கத்தில் மாட்டியிருக்கும் ரப்பர் குழாய்கள். 17 வருட ரப்பர் முறுக்கு மாதிரி இறுகிப்போயிருக்கும். குளிரில் சுருங்கி மூட்டில் காற்றை உள்ளே விடும், சூடானதும் கொஞ்சம் இளகி அடைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு அப்போதுதான் வாய் திறக்கும். பார்வைக்கு நன்றாகத் தெரிகிற ஹோஸை நம்பவே வேண்டாம்.

இன்னொன்று, சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நுழையும் இன்டேக் வால்வின் முதுகில் படிந்த கரி. அது பஞ்சு மாதிரி பெட்ரோலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சூடானதும் விட்டுவிடும். மேலே சொன்ன இரண்டும் தேறிவிட்டால் இதைச் சந்தேகப்படலாம்.

பம்ப் பற்றி மனசு உறுத்தினால் ஒரு சோதனை. சாவியைத் திருப்பி இரண்டு, மூன்று நொடி விட்டு அணைத்து, இப்படி மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் நீண்ட நேரம் சுற்றிய வண்டி இப்போது சட்டென்று பிடித்துக்கொண்டால், இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். ஆனால் உங்களுடையதுதான் முதல் சாவிக்கே பிடிக்கிறதே. அப்பாவின் வண்டி நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: என் பழைய கார்புரேட்டர் பைக்கில் சோக்கை எடுத்ததும் இன்ஜின் நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் சோக்கிலேயே ஓட்ட வேண்டியிருக்கிறது. ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள் தம்பி. அவ்வளவு நேரம் சோக்கில் ஓடினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். மெதுவாக ஓடும்போது கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஸ்லோ ஜெட் அடைத்திருக்கும். கழட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசிமுனை அளவு ஓட்டை வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பியால் குத்தக் கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். அப்படியே கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரையும் வளைத்துப் பார்த்துவிடுங்கள்.