போடியாட்ரி போர்டு தேர்வில் 71: மறுமதிப்பீடு கேட்கலாமா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். என் மகள் போடியாட்ரி (பாத மருத்துவ) கல்லூரியில் இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு, இந்தக் கோடையில் ஏபிஎம்எல்இ என்ற போடியாட்ரி உரிமத் தேர்வின் முதல் பகுதியை எழுதினாள். நடுவில் கணினி இரண்டு முறை உறைந்து நின்றுவிட்டதாம். இப்போது 71 என்று முடிவு வந்திருக்கிறது. தேர்ச்சிக்கு 75 வேண்டும். நான்கு மதிப்பெண்தானே, மறுமதிப்பீடு கேட்கலாமா? வக்கீலைப் பார்ப்பதா? படிப்புக்குப் பிறகான மருத்துவமனைப் பயிற்சியை, அதாவது ரெசிடென்சியை, இது கெடுத்துவிடுமா? படிப்பை விட்டுவிட்டு இந்தியாவுக்கே வந்துவிடலாமா என்றும் கேட்கிறாள்.

பதில்: முதலில் அந்த 'நான்கு மதிப்பெண்' கணக்கை விட்டுவிடுங்கள். நம் ஊர் ஆண்டுத் தேர்வில் 31 வாங்கியவருக்கும் 35 வாங்கியவருக்கும் உள்ள இடைவெளி அல்ல இது. ஏபிஎம்எல்இ-யில் 75 என்பது நூற்றுக்கு எழுபத்தைந்து கிடையாது. ஒவ்வொரு முறையும் வினாத்தாள் மாறுகிறது, கடினமும் கொஞ்சம் மாறுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டி, சரியான விடைகளின் எண்ணிக்கையை ஓர் அளவுகோலுக்கு மாற்றுகிறார்கள். அந்த அளவுகோலில் தேர்ச்சிக் கோட்டுக்கு வைத்திருக்கும் எண்தான் 75. தேறியவர்களுக்கு 'பாஸ்' என்று மட்டும் வரும். தேறாதவர்களுக்குத்தான் எண் வரும். ஆகவே 71 என்பது எத்தனை கேள்வி குறைவு என்று அதைப் பார்த்து உங்களாலோ என்னாலோ சொல்ல முடியாது.

மறுமதிப்பீடும் அப்படித்தான். விரிவான விடையெழுதி, ஒருவர் திருத்தி, இன்னொருவர் மறுபடி திருத்தும் தேர்வு அல்ல இது. விடைகளை எண்ணுவது கணினி. மறுபடி எண்ணச் சொன்னால் அதே எண்தான் திரும்பி வரும். பணம் கட்டிக் கேட்க வழி இருந்தாலும் நான் கேட்கச் சொல்ல மாட்டேன்.

கணினி நின்றது வேறு விஷயம். அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆனால் சரியான விதத்தில். இத்தகைய புகாருக்கு எடை கிடைப்பது தேர்வன்று பதிவாகியிருந்தால்தான். மகள் மையத்தை விட்டு வெளியே வரும் முன் மேற்பார்வையாளரிடம் சொன்னாளா? அவர் சம்பவ அறிக்கை போட்டாரா? அதற்கு எண் ஏதும் கொடுத்தார்களா? அன்றோ மறுநாளோ தேர்வு வாரியத்துக்கு மின்னஞ்சல் போனதா? ஆம் என்றால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. முடிவு வந்த பிறகு முதல்முறையாகச் சொன்னால், தோற்றதால் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அப்படியே இருந்தாலும் எழுதுங்கள். திரை எப்போது நின்றது, எப்போது திரும்ப ஓடியது என்பதைத் தேர்வு மையக் கணினிகள் தாமாகவே பதிவு செய்வது வழக்கம். அந்தப் பதிவைச் சரிபார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கடிகாரமும் சேர்ந்து நின்றதா, இல்லை ஓடிக்கொண்டே இருந்ததா என்பதுதான் முக்கியக் கேள்வி. கடிகாரமும் நின்றிருந்தால் நேரம் போகவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

வாரியம் உங்கள் பக்கம் சாய்ந்தாலும் மதிப்பெண் கூட்டித் தரமாட்டார்கள். அதிகபட்சம், கட்டணமில்லாமல் மறுபடி எழுத விடுவார்கள், அல்லது அந்த முயற்சியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவார்கள். இரண்டாவது சின்ன விஷயமில்லை. முதல் முயற்சியிலேயே தேறினாரா என்று பார்க்கும் ரெசிடென்சி திட்டங்கள் இருக்கின்றன.

புகாரில் எந்தக் கேள்வியின் உள்ளடக்கத்தையும் எழுதிவிடக் கூடாது. நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் 'இது வந்தது, அது வந்தது' என்று போடவும் கூடாது. தேர்வு தொடங்கும் முன் இரகசியக் காப்புக்கு ஒப்புதல் தந்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். அதை மீறினால், ஃபெயிலைவிடப் பெரிய வம்பு வரும்.

வக்கீல்? கணினிப் பிரச்சினைக்காக வேண்டாம். தேர்வு வாரியங்களின் மதிப்பெண் முடிவுகளில் நீதிமன்றங்கள் சுலபத்தில் கை வைப்பதில்லை. ஆனால் ஒரு வாசல் உண்மையிலேயே திறந்திருக்கிறது. உங்கள் மகளுக்கு டிஸ்லெக்சியா, ஏடிஹெச்டி போல ஏதாவது இருந்து, அதைச் சொல்லாமலே தேர்வெழுதினாளா? 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் உரிமத் தேர்வு நடத்துபவர்களையும் கட்டுப்படுத்தும். பள்ளியிலோ கல்லூரியிலோ கூடுதல் நேரம் பெற்றிருந்தால், அந்தப் பதிவுக்குத் தேர்வு நடத்துபவர்கள் உரிய மதிப்புத் தர வேண்டும் என்று அமெரிக்க அரசின் நீதித் துறை (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) விதியே இருக்கிறது. மருத்துவ உரிமத் தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்ட ஒரு மாணவிக்குச் சாதகமாக 2020-இல் மூன்றாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு தந்தது. நியூஜெர்சி அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. நம் வீடுகளில் இதையெல்லாம் வெளியே சொல்ல ஒரு கூச்சம் உண்டு. அந்தக் கூச்சத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம். ஆனால் இந்த வசதியைத் தேர்வுக்கு முன்பே விண்ணப்பித்து வாங்க வேண்டும், ஆவணங்கள் திரட்டவே வாரக்கணக்கில் ஆகும். அப்படி எதுவும் இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

ரெசிடென்சிக்கு வருவோம். இங்கே மதிப்பெண்ணைவிட நாட்காட்டிதான் முக்கியம். நான்காண்டுப் படிப்பு, அப்புறம் மூன்றாண்டு ரெசிடென்சி. நான்காம் ஆண்டின் ஜனவரியில் இரண்டாம் பகுதித் தேர்வும் ரெசிடென்சி நேர்காணல்களும் சேர்ந்தே வந்து நிற்கும். மார்ச்சில் யாருக்கு எந்த மருத்துவமனை என்று சொல்லும் மேட்ச் முடிவு, ஜூலையில் வேலை. முதல் இரண்டு பகுதிகளும் கையில் இல்லாமல் ரெசிடென்சிக்குள் போக முடியாது. நான்காம் ஆண்டில் வெளி மருத்துவமனைகளில் பயிற்சிக்காகச் செய்யும் கிளர்க்‌ஷிப்புக்கு மூன்றாம் ஆண்டிலேயே விண்ணப்பிப்பார்கள். எந்த மருத்துவமனை ரெசிடென்டாக எடுக்கும் என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே மகள் அடுத்து வரும் மறுதேர்விலேயே தேறிவிட்டால், அந்த விண்ணப்பங்கள் போகும் நேரத்தில் அவளிடம் 'பாஸ்' இருக்கும். தள்ளிப் போட்டால் இருக்காது.

முதல் பகுதியில் தேறாதவரை சில கல்லூரிகள் ரொட்டேஷனுக்கு (மருத்துவமனைப் பிரிவுகளில் மாறி மாறிப் பெறும் பயிற்சிக்கு) விடுவதில்லை; சில கல்லூரிகள் விட்டுவிட்டுக் கெடு வைக்கும். எத்தனை முயற்சிக்கு மேல் அனுமதியில்லை என்பதும் கல்லூரிக் கையேட்டில்தான் இருக்கும். அதனால் வாரியத்தோடு மல்லுக்கட்டுவதற்கு முன் டீன் அலுவலகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கெடுவை நீட்டுவது, ரொட்டேஷன் வரிசையை மாற்றிப் படிக்க ஒரு மாதம் ஒதுக்குவது எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது.

படிக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். நாடு முழுவதும் போடியாட்ரி கல்லூரிகள் பதினொன்றுதான். மாணவர் எண்ணிக்கை குறைவு என்பதால், எம்டி மாணவர்களுக்கு இருப்பதுபோலப் பயிற்சிக் கேள்விகள் கொட்டிக் கிடப்பதில்லை. பலரும் அந்த எம்டி மாணவர்கள் எழுதும் யுஎஸ்எம்எல்இ உரிமத் தேர்வுக்கான கேள்வி வங்கியையே போட்டுப் படிக்கிறார்கள். உடலியங்கியல், நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியலுக்கு அது உதவும். ஆனால் இந்தத் தேர்வில் மற்ற பாடங்களைவிட அதிக இடம் பிடிப்பது கீழ்க்கால் உடற்கூறியல், அதை அந்த வங்கிகள் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போய்விடும். பாதத்தின் 26 எலும்புகள், உள்ளங்காலின் நான்கு அடுக்குத் தசைகள், அவற்றில் எதற்கு உட்புற நரம்பு, எதற்கு வெளிப்புற நரம்பு, கணுக்காலுக்குப் பின்னால் தசைநாண்களும் தமனியும் நரம்பும் போகும் வரிசை, எந்த எலும்பு எந்த வயதில் உருவாகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். முடிவோடு பாடவாரியான விவரமும் வந்திருக்கும். 71-ஐ விட்டுவிட்டு அதைப் பாருங்கள். கீழ்க்கால் பாடத்தில் சறுக்கியிருந்தால் ஏதோ ஒரு கேள்வி வங்கியில் இன்னும் ஆயிரம் கேள்வி போட்டுப் பயனில்லை, மறுபடி வரைந்து படிக்க வேண்டியதுதான்.

பழைய வலைப்பக்கங்களில், பிலடெல்பியா பக்கம் போய் நோயாளியாக நடிப்பவர்களைப் பரிசோதித்துக் காட்டும் செய்முறைத் தேர்வு ஒன்று இருப்பதாகப் பார்த்துப் பயப்படலாம். 2020-இல் பெருந்தொற்றின்போது அதை நிறுத்திவிட்டார்கள். வாரியத்தின் இந்த ஆண்டு அறிவிப்பேட்டை மட்டும் நம்புங்கள்.

இந்தியா யோசனை வேண்டாம். போடியாட்ரிக்கான டிபிஎம் பட்டம் அங்கே எம்பிபிஎஸ்ஸுக்கு இணையாகாது. பாதி முடித்த டிபிஎம் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

கடைசியாக, உங்களுக்கே ஒன்று. வாரியத்துக்குப் போகும் மின்னஞ்சலை மகள்தான் எழுத வேண்டும், அவள் முகவரியிலிருந்துதான் போக வேண்டும். தேதி, மையம், நின்ற நேரம், சம்பவ எண், என்ன கேட்கிறாள் என்று பத்து வரி போதும். பெற்றோர் ஃபோன் செய்தால் அவர்கள் பேச மாட்டார்கள்.